காற்றைக் கல்லாக்கிய கோள்

(அரியலூரில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புறக்கோள்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சூரியனை விட்டுவிட்டு மற்ற நட்சத்திரங்களைச் சுற்றிவரும் கோள்களைத்தான் அப்படிச் சொல்கிறோம். எக்ஸோபிளானட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2025 செப்டம்பரில் உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டிவிட்டது. நான் பள்ளியில் படித்தபோது அந்த எண் பூஜ்யம்.

ஆறாயிரத்தில் பூமியைப் போல ஒன்று உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பத்திரிகைக்காரர்களும் கேட்கிறார்கள், பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். எதை வைத்துப் ‘பூமியைப் போல’ என்று தீர்மானிப்பது? அளவை வைத்தா, நட்சத்திரத்திலிருந்து இருக்கும் தூரத்தை வைத்தா? அளவை மட்டும் பார்த்தால் வெள்ளிதான் பூமியின் இரட்டைப் பிறவி. அங்கே ஈயம் உருகி ஓடும். ஆகவே வேறு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. அந்த வேறு ஏதோ ஒன்றை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். தார்ப்பாய் போட்ட டிப்பர் லாரியில் சிமென்ட் ஆலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கோள்கள் என்றதும் இந்த மாவட்டத்துக்காரர்களுக்குக் கங்கைகொண்ட சோழபுரம் நினைவுக்கு வரும். அங்கே தாமரை வடிவப் பீடத்தில் சுற்றிலும் எட்டுத் தெய்வங்களோடு ஒரே கல்லில் செதுக்கிய நவக்கிரகம் இருக்கிறது. ‘நடுவில் சூரியன், சுற்றி எட்டுக் கோள், ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சோழன் கண்டுபிடித்துவிட்டான்’ என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி வரும். நம்பாதீர்கள். அந்த எட்டில் சந்திரன் உண்டு, ராகு கேது உண்டு. நாம் நிற்கிற பூமி கிடையாது. சிற்பியின் கைத்திறனுக்கு அந்தப் பொய்யான பெருமை தேவையில்லை. அதைவிட உண்மையான ஒரு பெருமை தமிழ்நாட்டுக்கு இருக்கிறது, அது பலருக்கும் தெரியாது. வேறொரு நட்சத்திரத்துக்குக் கோள் இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொன்ன மிகப் பழைய அறிவிப்புகளில் ஒன்று சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்து போனது. ஆண்டு 1855.

கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வகம் கட்டியது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது; தமிழிலும் அதில் எழுத்து உண்டு. 1840-களின் இறுதியிலிருந்து அங்கே பொறுப்பில் இருந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் என்ற ராணுவப் பொறியாளர். சுமார் ஆறு அங்குலத் தொலைநோக்கியில் இரட்டை நட்சத்திரங்களை அளப்பது அவருக்குப் பிடித்த வேலை. அவற்றில் ஒன்று 70 ஒஃபியூக்கி. சுமார் 17 ஒளியாண்டு தொலைவில் இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று 88 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகின்றன. ஜேக்கப் தன் அளவுகளையும் முந்தையவர்களின் அளவுகளையும் சேர்த்து நீள்வட்டப் பாதை வரைந்து பார்த்தார். பொருந்தவில்லை. நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்துக்கும் இருந்த இடத்துக்கும் சிறு விலகல், அதுவும் ஒரு ஒழுங்கோடு வருவதுபோலத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது பொருள், ஒரு கோள், இழுக்கிறது என்றால் கணக்கு சரியாகும் என்று லண்டன் அரச வானியல் கழகத்தின் இதழில் எழுதினார். உறுதியாக இருக்கிறது என்று அடித்துச் சொல்லவில்லை, வாய்ப்பு அதிகம் என்றார். அந்த நிதானத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

நாற்பது ஆண்டு கழித்து அமெரிக்காவில் டி. ஜே. ஜே. சீ என்பவர் அதே நட்சத்திரத்தில் மறைந்த துணை ஒன்று இருப்பதாக மறுபடி அறிவித்தார். அவருக்கு நிதானம் கிடையாது. 1899-இல் ஃபாரஸ்ட் மோல்ட்டன் கணக்குப் போட்டு, சீ சொல்வதுபோல மூன்று பொருள்கள் இருந்தால் அந்த அமைப்பு நிலைக்கவே நிலைக்காது என்று காட்டினார். 1943-இலும் ஒருமுறை அதே நட்சத்திரத்துக்குக் கோள் என்றார்கள், அதுவும் நிற்கவில்லை. விலகலெல்லாம் அளவீட்டுப் பிழை. ஆறு அங்குலக் கண்ணாடியில், சென்னை வெயிலில் கொதித்து ஆறும் காற்றின் வழியாக, ஒரு விகலைக்கும் குறைவான கோணத்தை அளந்தால் பிழை வராமல் என்ன செய்யும்? ஆனால் வழி சரியான வழி. கோளைப் பார்க்க முடியாவிட்டால் அது நட்சத்திரத்தைப் படுத்தும் பாட்டைப் பார் என்ற அதே வழியில்தான் பிறகு வெற்றி வந்தது.

இதை இந்த ஊரில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020 அக்டோபரில் குன்னத்தில் ஏரி மண்ணில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று தமிழ்நாடு முழுக்கப் படம் ஓடியது ஞாபகம் இருக்கும். புவியியலாளர்கள் வந்து பார்த்து, அவை முட்டைகள் அல்ல, கடல்வாழ் அம்மோனைட்டுகளோடு தொடர்புள்ள படிவ உருண்டைகள் என்றார்கள். முட்டையாக இல்லாதது ஏமாற்றமாக இருந்தது பலருக்கு. பெரம்பலூர் குன்னம் ஒருகாலத்தில் கடலாக இருந்தது என்பது முட்டையைவிடப் பெரிய செய்தி; அதைப் பற்றி எவரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

சரி, நட்சத்திரத்துக்கு வருவோம். ஒரு பெரியவரும் சிறு பிள்ளையும் கைகோத்துத் தட்டாமாலை சுற்றினால் பிள்ளைதான் பறக்கும், ஆனால் பெரியவரும் நின்ற இடத்தில் நிற்க முடியாது, லேசாகத் தள்ளாடுவார். வியாழன் சுற்றுவதால் சூரியன் நொடிக்கு 12 மீட்டருக்குச் சற்று அதிக வேகத்தில் தள்ளாடுகிறது. பூமியால் 9 சென்டிமீட்டர்தான். இந்தத் தள்ளாட்டம் நட்சத்திர ஒளியின் நிறமாலைக் கோடுகளை இம்மியளவு சிவப்புப் பக்கமும் நீலப் பக்கமும் நகர்த்தும். சுவிட்சர்லாந்தின் மிஷெல் மேயரும் டிடியே கெலோவும் 1995-இல் இதை வைத்து 51 பெகாசி என்ற நட்சத்திரத்துக்குக் கோள் இருப்பதைக் கண்டார்கள். 2019-இல் நோபல் பரிசு. அதற்கு முன்பே, 1992-இல், ஒரு பல்சரைச் சுற்றிக் கோள்கள் உண்டு என்று வோல்ஷானும் ஃப்ரெயிலும் நிறுவியிருந்தார்கள். ஆனால் பல்சர் செத்த நட்சத்திரம், ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

51 பெகாசியின் கோள் எல்லோரையும் குழப்பியது. வியாழனில் பாதி நிறை, ஆனால் நட்சத்திரத்தைச் சுற்ற 4.2 நாள்தான். நம் புதனுக்கே 88 நாள். அவ்வளவு பெரிய வாயுக் கோளம் அடுப்பின் வாயில் போய் உட்கார்ந்திருந்தது. இந்தியா 2019-இல் பெயர் வைத்த கோளும் இந்த ஜாதிதான். எச்டி 86081 என்ற நட்சத்திரத்துக்கு இயற்பியலாளர் விபா சௌத்ரியின் நினைவாக ‘விபா’ என்றும், அதன் கோளுக்குச் ‘சந்தமசா’ என்றும் பெயர். அதன் ஒரு ஆண்டு நம் இரண்டு நாளுக்குச் சற்று மேல்.

இரண்டாவது வழி கிரகண வழி. கோள் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் குறுக்கே போனால் ஒளி கொஞ்சம் குறையும். 2012 ஜூன் 6 காலையில் வெள்ளி சூரியனைக் கடந்ததை சூரியக் கண்ணாடி போட்டுப் பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பார்கள். சூரியன்மேல் ஒரு கரும்புள்ளி. அப்போது சூரிய ஒளி சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான் குறைந்தது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தொலைவில் வேறொரு நட்சத்திரத்திலிருந்து பார்த்தால் நம் பூமி சூரியனை மறைப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை அளக்கத்தான் 2009-இல் கெப்ளர் விண்கலத்தை அனுப்பி, சுமார் ஒன்றரை லட்சம் நட்சத்திரங்களை ஆண்டுக்கணக்கில் ஒரே திசையில் இமைக்காமல் பார்க்க வைத்தார்கள்.

ஒளி மங்குவதைப் பார்த்து முடிவு சொல்வதில் உள்ள சிக்கலுக்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. ஜவ்வாது மலையில் காவலூர். 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று தெரிந்து, அங்கே 40 அங்குலத் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். யுரேனஸ் வந்து சேருமுன்பே நட்சத்திரம் சில நொடிகள் மங்கி மீண்டது. ஜே. சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் அது யுரேனஸின் புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அதே இரவில் பறக்கும் வானாய்வகத்தில் இருந்த அமெரிக்கக் குழு, கோளின் இருபுறமும் ஒரே மாதிரி மங்கல்கள் வரிசையாக வந்ததைப் பதிவு செய்திருந்தது. ஆகவே அவை வளையங்கள். காவலூர் கண்டதும் வளையம்தான். மங்கல் உண்மை, பெயர்தான் தவறிப்போனது.

இந்தியாவில் இப்போது இந்த வேலை அபு மலையில் நடக்கிறது. இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தார் அங்கே பராஸ் என்ற நிறமாலைமானியை வைத்து, 2018-இல் சுமார் 600 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளின் நிறையை அளந்தார்கள். பூமியைப் போல 27 மடங்கு.

இனி கோள்கள் எப்படி உண்டாகின்றன என்று பார்ப்போம். 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் ஆகாயத்திலிருந்து கல் விழுந்தது. நூறு கிலோவுக்கு மேல் கிடைத்தது. காண்ட்ரைட் வகை. இந்த வகைக் கற்களில் குண்டூசித் தலை அளவு உருண்டைகள் நிறைந்திருக்கும். சூரியன் பிறந்த காலத்தில் அதைச் சுற்றியிருந்த வட்டில் தூசு உருகித் துளியாகி உறைந்தவை அவை. சூளகிரிக் கல் பிறகு தன் தாய்ப்பாறைக்குள் நன்றாகச் சூடேறியிருப்பதால் உருண்டைகளின் ஓரம் மங்கிப் போயிருக்கும். இதே குடும்பத்துக் கல் ஒன்று, 1969-இல் மெக்ஸிகோவில் விழுந்த அயெண்டே, தன்னுள் வைத்திருந்த வெள்ளைத் துணுக்குகள்தான் சூரிய மண்டலத்துக்கு வயது சொன்னவை: 456.7 கோடி ஆண்டு.

வாயுவும் தூசுமான மேகம் தன் எடையால் சரிகிறது. நடுவில் நட்சத்திரம், சுற்றிலும் வட்டு. வட்டில் நூற்றில் ஒரு பங்குதான் தூசு, மீதி வாயு. தூசு ஒட்டி ஒட்டிக் கூழாங்கல் ஆகிறது. அதற்கு மேல் வளர்வதில்தான் தகராறு. மீட்டர் அளவுக் கல்லை வாயு இழுத்துப் பிடிக்கும். அது வேகம் இழந்து, சில நூறு ஆண்டுகளிலேயே நட்சத்திரத்துக்குள் விழுந்துவிடும். அப்படியானால் நாம் இங்கே இருக்கவே கூடாது. கூழாங்கற்கள் வாயு ஓட்டத்தில் திரண்டு, திரள் கனத்ததும் சொந்த ஈர்ப்பால் ஒரேயடியாகக் கிலோமீட்டர்க் கணக்கான பாறையாகச் சரிந்துவிடுகின்றன, மீட்டர் அளவில் நிற்பதே இல்லை என்பது இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். முழுக்கத் தீர்ந்த விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

தண்ணீர் உறைகிற தூரத்துக்கு அப்பால் பனியும் சேர்வதால் கரு வேகமாகப் பெருக்கிறது. பூமியைப் போலப் பத்து மடங்கு ஆனதும் வாயுவையும் வாரிச் சுருட்டி வியாழனாகிறது. வட்டு சில கோடி ஆண்டுகூட நிற்காது, அதற்குள் முடித்தாக வேண்டும். உள்பக்கம் பாறைகள் மோதி மோதி மெதுவாகப் பூமி, வெள்ளி என்று ஆகின்றன. இதெல்லாம் முன்பு காகிதக் கணக்கு. 2014-இல் சிலி நாட்டுப் பாலைவனத்து அல்மா தொலைநோக்கிகள் எச்எல் டாரி என்ற இளம் நட்சத்திரத்தின் வட்டைப் படமெடுத்தன. பத்து லட்சம் ஆண்டுகூட ஆகாத குழந்தை. வட்டில் வளையம் வளையமாக இடைவெளிகள். கோள்கள் பாதை வகுக்கத் தொடங்கிவிட்டன என்று பலர் கருதுகிறார்கள். 2018-இல் பிடிஎஸ் 70 என்ற நட்சத்திரத்தின் வட்டு இடைவெளியில் வளர்ந்துகொண்டிருக்கும் கோளையே நேரில் படம் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு அதன் தம்பி ஒன்றும் அகப்பட்டது.

அடுப்பின் வாயில் உட்கார்ந்த வியாழன்களும் இப்படித்தான் விளங்கின. தொலைவில் பிறந்து, வட்டோடு மல்லுக்கட்டி உள்ளே நகர்ந்து வந்தவை. கோள்கள் பிறந்த இடத்திலேயே இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொண்டிருந்தோம். இன்னொன்றும் தெரிந்தது. ஊரெங்கும் மிகுதியாக இருக்கும் கோள் பூமியைவிடப் பெரிய, நெப்டியூனைவிடச் சிறிய ரகம். நம் சூரியனிடம் அந்த ரகத்தில் ஒன்றுகூட இல்லை.

இப்போது அந்த டிப்பர் லாரிக் கல்லுக்கு வருகிறேன். (பேச்சாளர் மேசைமேல் இருந்த கல்லை எடுத்துக் காட்டினார்.)

இது கல்லங்குறிச்சிக் கல். சுரங்கத்துக்காரர்களிடம் கேட்டு வாங்கி வந்தேன். கிட்டே வந்து பாருங்கள். தடித்து வளைந்து, பூனைக் காது மாதிரி மடங்கியிருப்பது கிரைஃபியா என்ற சிப்பி. ஓட்டின் விளிம்பில் வரிவரியாக அடுக்கு தெரிகிறது, ஒவ்வொரு வரியும் அந்தச் சிப்பி வளர்ந்த அடையாளம். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. இந்தியா அப்போது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே தனித் தீவாக வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. இங்கிருந்து மேற்கே காரை, கொளக்காநத்தம் போனால் அந்தக் கடலின் இன்னும் பழைய சேறு ஓடை ஓடையாக அரித்துக் கிடக்கிறது. துப்பாக்கிக் குண்டு போன்ற பெலம்னைட் படிவம் அங்கே காலில் இடறும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்மரம் படுத்திருக்கிறது. 1940-இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்குச் சொன்னது. ஹென்றி பிளான்ஃபோர்டு 1860-களில் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்தபோது உங்கள் ஊர்ப் பெயர் உலகப் புவியியல் புத்தகங்களில் ஏறியது. நேரமிருந்தால் இதையே மணிக்கணக்கில் பேசலாம்.

ஒரு மாணவி மேடைக்கு வாம்மா. அந்தச் சீசாவில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, கையுறை போட்டுக்கொள். ஒரே ஒரு சொட்டு.

(சொட்டு விழுந்த இடத்தில் கல் நுரைத்துப் பொங்கியது. முன்வரிசையினர் எழுந்து பார்த்தனர்.)

அந்த நுரை கார்பன் டைஆக்சைடு. 7 கோடி ஆண்டு கழித்து வெளியே வந்த காற்று. சுண்ணாம்புக்கல்லின் எடையில் நூற்றுக்கு 44 பங்கு கார்பன் டைஆக்சைடுதான். கலப்பில்லாத கல் என்று வைத்துக்கொண்டால், கையில் அடங்கும் இந்த அரைக் கிலோவுக்குள் 220 கிராம். வாயுவாக விரித்தால் சுமார் 120 லிட்டர், ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம் நிறையும். பத்து டன் ஏற்றிய டிப்பரில் நாலரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக, 4.4 டன் காற்று போகிறது. ஆலைச் சூளையில் நடப்பதும் இந்த மாணவி செய்ததுதான். அமிலத்துக்குப் பதில் வெப்பம். சுமார் 900 டிகிரியில் கல் தன் காற்றை விட்டுவிடும். மீதிச் சுண்ணாம்பு மேலும் 1,450 டிகிரி வரை வெந்து சிமென்டுக்கான கிளிங்கர் ஆகிறது.

காற்று எப்படிக் கல்லுக்குள் போனது? மழைநீரில் கார்பன் டைஆக்சைடு கரைந்து மென்மையான அமிலமாகிறது. அது மலைப்பாறையை அரிக்கிறது. மேற்கே தெரிகிற பச்சைமலை இருக்கிறதே, சுண்ணாம்புக்கல் அல்லாத, சிலிக்கேட் நிறைந்த கடும்பாறை. அந்த மாதிரிப் பாறை. அரிப்பில் கால்சியம் கழன்று ஆற்றோடு கடலுக்குப் போகிறது. கடலில் சிப்பியும் பவளமும் அதைக் கார்பனோடு சேர்த்து ஓடாக்கிக்கொள்கின்றன. ஓடு படிந்து கல்லாகிறது. கடலடித் தட்டு பூமிக்குள் அமிழும்போது கல் வெந்து, எரிமலை வழியே காற்று திரும்பி வருகிறது. ஒரு சுற்றுக்குப் பல கோடி ஆண்டுகள்.

இந்தச் சுற்று பூமியின் வெப்பத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று 1981-இல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் மூவரும் எழுதினார்கள். பூமி சூடானால் மழையும் அரிப்பும் கூடும், கார்பன் டைஆக்சைடு குறையும், சூடு தணியும். பூமி உறைந்துபோனால் அரிப்பு நின்றுவிடும், எரிமலைக் காற்று சேர்ந்துகொண்டே போகும், மறுபடி சூடேறும். இளம் சூரியன் இன்றைக்கு இருப்பதில் முக்கால் பங்குக்கும் குறைவாகத்தான் ஒளிர்ந்தது. அப்படியும் அன்று பூமியில் தண்ணீர் ஓடியதற்கும், சூரியன் பிரகாசம் கூடிய பிறகும் கடல் கொதிக்காததற்கும் இந்த ஏற்பாடு முக்கியமான காரணம். புறக்கோள் செய்திகளில் ‘உயிர் வாழத்தக்க மண்டலம்’ என்று அடிக்கடி வருகிறதே, 1993-இல் காஸ்டிங் குழு அதன் எல்லைகளைக் கணக்கிட்டபோது, இந்தக் கல்–காற்றுச் சுற்று அங்கே ஓடுகிறது என்று அனுமானித்துத்தான் கணக்கிட்டது. ‘சரியான தூரத்தில் இருக்கிறது, ஆகவே வாழலாம்’ என்று எழுதுகிறவர்கள் அந்த அனுமானத்தைச் சொல்வதில்லை. தூரம் சரியாக இருந்து, பாறை தன் வேலையைச் செய்யாவிட்டால் கதை முடிந்தது.

வெள்ளியில் அதுதான் நடந்தது. பூமியில் இதுவரை சுண்ணாம்புக்கல்லாகிக் கிடக்கும் கார்பன் டைஆக்சைடு அனைத்தையும் அவிழ்த்துவிட்டால், வெள்ளியின் வளிமண்டலத்தோடு ஒப்பிடத்தக்க கனமான காற்று நம் தலைமேல் நிற்கும். இரண்டு சகோதரிகளுக்கும் சீதனம் ஏறத்தாழ ஒன்றுதான். ஒருத்தி அதைக் கல்லாக்கிப் பூட்டி வைத்தாள். இன்னொருத்தியிடம் தண்ணீர் தங்கவில்லை. தண்ணீர் இல்லாமல் அரிப்பு இல்லை, கல் இல்லை. காற்றழுத்தம் நம்மைப் போல 92 மடங்கு, வெப்பம் 460 டிகிரிக்கு மேல். அரியலூருக்கு அடியில் கிடப்பது அந்தப் பெரும் பூட்டின் ஒரு சின்ன மூலை. உலகெங்கும் இப்படி மூலைகள் உண்டு, ஆனால் மேற்கே மலையும் கிழக்கே சிப்பிக்கல்லும் ஒரே பஸ் பயணத்தில் பார்க்கக் கிடைக்கிற இடங்கள் அதிகம் இல்லை.

இந்தப் பூட்டைப் பல ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து கண்டுபிடிக்க முடியுமா? கோள் நட்சத்திரத்தைக் கடக்கும்போது கொஞ்சம் ஒளி அதன் காற்றுக்குள் புகுந்து வருகிறது. எந்த வாயு இருக்கிறதோ அது தனக்குரிய நிறத்தை விழுங்கிவிடும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022-இல் வாஸ்ப்-39பி என்ற வாயுக் கோளில் கார்பன் டைஆக்சைடை ஐயத்துக்கு இடமில்லாமல் முதன்முறையாகக் கண்டது. நம்மிடமிருந்து 40 ஒளியாண்டில் டிராப்பிஸ்ட்-1 என்ற சிறு சிவப்பு நட்சத்திரம், அதற்குப் பூமியளவுக் கோள்கள் ஏழு. அவற்றில் நட்சத்திரத்தை ஒட்டியுள்ள முதல் இரண்டையும் வெப் பார்த்த முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. இரண்டாவதன்மேல் வெள்ளியுடையது போன்ற கனத்த கார்பன் டைஆக்சைடு போர்வை இல்லை என்று தெரிந்தது. மற்றவற்றில் வேலை நடக்கிறது. அந்த நட்சத்திரம் சும்மா இருக்காமல் பொரிந்துகொண்டே இருப்பதால் தரவைச் சுத்தம் செய்வதே பெரும்பாடாக இருக்கிறது.

கே2-18பி பற்றிக் கேட்பீர்கள். கேம்பிரிட்ஜில் இருக்கும் நம் நாட்டவர் நிக்கு மதுசூதன் குழு 2025 ஏப்ரலில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் வெளிவிடும் டைமெத்தில் சல்ஃபைடின் தடயம் அங்கே தெரிகிறது என்றது. தலைப்புச் செய்தி. அதே தரவை மற்ற குழுக்கள் ஆராய்ந்து, அவ்வளவு உறுதிக்கு இடமில்லை என்றன. மதுசூதன் குழுவும் இன்னும் பார்க்க வேண்டும் என்றே சொல்லியிருந்தது. 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்தக் கோளில் மீத்தேனும் கார்பன் டைஆக்சைடும் இருப்பது 2023-இலேயே தெரியும். மற்றதற்கு ஜேக்கப்பை நினைத்துக்கொண்டு பொறுத்திருப்பேன்.

எனக்கு அதைவிடப் பிடித்த யோசனை ஒன்று உண்டு. அமோரி ட்ரியோ, ஜூலியன் டி விட் குழுவினர் 2023 டிசம்பரில் நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் எழுதினார்கள். அபூர்வமான வாயுவைத் தேடாதீர்கள். ஒரே குடும்பத்துக் கோள்களை வரிசையாக வைத்து, எதில் மட்டும் கார்பன் டைஆக்சைடு காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். நம் குடும்பத்தையே வெளியிலிருந்து பாருங்களேன். வெள்ளியின் காற்றில் நூற்றுக்கு 96.5 பங்கு, செவ்வாயின் மெலிந்த காற்றில் 95 பங்கு, நடுவில் பூமியில் 0.04 பங்கு. எங்கே போயிற்று? பாதி விடை இந்த மேசைமேல் நுரைத்து முடித்துவிட்டது. பக்கத்துக் கோள்களிடம் இருப்பது இதனிடம் மட்டும் இல்லை என்றால், யாரோ அதைக் கரைத்துப் பூட்டியிருக்கிறார்கள். கரைக்கக் கடல் வேண்டும்.

பூட்டியது கடல் மட்டுமா, உயிருமா என்பதில் அவர்கள் இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். நான் கடலோடு நிறுத்திக்கொள்வேன். கல்லங்குறிச்சிக் கல்லைச் சிப்பி செய்தது உண்மை. ஆனால் சிப்பி தோன்றுவதற்குப் பல நூறு கோடி ஆண்டு முன்பே பூமியில் கார்பனேட் படிந்திருக்கிறது, உயிரின் உதவி இல்லாமலும் தண்ணீரிலிருந்து அது படியும். ஆகவே டிராப்பிஸ்ட் கோள் ஒன்றில் நாளை கார்பன் குறைவாகத் தெரிந்து, ‘உயிர் கண்டுபிடிப்பு’ என்று செய்தி வந்தால், அங்கே கடல் இருக்கலாம் என்று மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

கல்லை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன், பள்ளி ஆய்வகத்துக்கு ஆகும். அமிலச் சீசாவை மட்டும் ஆசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.